பின்னால் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பத்து வயது. லீவுக்கு ‘செலஸ்ட்’ என்ற வீடியோ கேம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பெண் மலையேறும் விளையாட்டு. திரையில் வரும் குறிப்பு எதையும் அவன் படிப்பதில்லை, பட்டனைத் தட்டித் தள்ளிவிடுகிறான். அப்புறம் ஒரே இடத்தில் நாற்பது முறை விழுகிறான். நான் பின்னால் நின்று “இப்போ குதி, இப்போ குதி” என்று சொன்னாலும் கேட்பதில்லை. போன வாரம் பார்த்தால், உள்ளே எங்கோ போய் ‘அசிஸ்ட் மோட்’ என்பதைப் போட்டுக்கொண்டு, சாகாமலேயே ஏறிக்கொண்டிருந்தான். இது காப்பி அடிப்பது மாதிரிதானே? அணைத்துவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

நாமெல்லாம் கையேடு படித்துக் கற்றுக்கொண்டவர்கள். இந்தத் தலைமுறைக்குப் படிக்கவும் பொறுமையில்லை, தோற்கவும் பொறுமையில்லை. ‘டார்க் சோல்ஸ்’ மாதிரி கடினமான கேம் கொடுத்தால் மனவுறுதி வரும் என்கிறார் ஆபீஸ் நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அல்லது கேமே வேண்டாமா?

ஆர்., திருப்பூர்

*

அன்புள்ள ஆர்.,

கேமே வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். பரீட்சைக்கு எடுத்து உள்ளே வையுங்கள், முடிந்ததும் கொடுங்கள். இந்தத் தலைமுறை பற்றிய புலம்பலுக்குப் பதில் சொல்வதாக இல்லை. என் தாத்தா என் அப்பாவைப் பற்றி இதையேதான் சொன்னார், அப்போது ரேடியோ.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மூன்று வார்த்தைகள்: ‘நான் பின்னால் நின்று’. போன மாதம் அப்பாவின் அலமாரியைக் காலி செய்தோம். ரப்பர் பேண்டு இற்றுப்போய் ஒட்டிக்கொண்ட ஒரு சீட்டுக்கட்டு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ, உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து தொட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் இந்தக் கையேட்டுக் கதை. ‘நாமெல்லாம்’ என்றால் யார்? தொண்ணூறுகளில் நம் ஊர்களில் மாரியோ விளையாடிய யாராவது கையேட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறோமா? ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோவின் பெட்டிக்கு நகலாக வந்த டிவி கேம் பெட்டி, அதில் செருகும் மஞ்சள் கேசட், மேலே ‘9999 இன் 1’ என்று ஒரு பச்சைப் பொய். அட்டைப்பெட்டிக்குள் கையேடு என்று ஒரு துண்டுத்தாள்கூட இருக்காது. ஆனாலும் தெருவே மாரியோ ஆடியது. எப்படி?

1985-இல் நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசூகாவும் சேர்ந்து வடிவமைத்த மாரியோவின் முதல் கட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இடது ஓரத்தில் ஒருவன் நிற்கிறான். முகம் வலப்பக்கம். முன்னால் வெட்டவெளி. வலப்பக்கம்தான் போக வேண்டும் என்று யாரும் எழுதிப்போடவில்லை, ஆனால் வேறெங்கே போவீர்கள்? நாலு எட்டு வைத்ததும் பழுப்பாக, புருவத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்று நடந்து வருகிறது. சும்மா நின்றால் முட்டிச் சாவீர்கள். செத்தால் என்ன போயிற்று? ஒரு உயிரும் ஐந்து விநாடி நடந்த தூரமும். மறுபடி அதே வெட்டவெளி, அதே பழுப்புப் பயல். இந்தமுறை பயத்தில் ஏதோ ஒரு பட்டனை அழுத்துவீர்கள், மாரியோ குதிப்பான்.

அடுத்தது இன்னும் அழகு. தலைக்கு மேலே கேள்விக்குறி போட்ட பெட்டி. முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து நகர்கிறது. இப்போதுதான் ஒன்றிடம் அடிபட்டிருக்கிறீர்கள், அதனால் இதைக் கண்டும் ஒதுங்கத்தான் தோன்றும். காளான் வலப்பக்கமாக ஓடிக் கீழே விழுகிறது. அப்பாடா என்கிறீர்கள். அது அங்கிருக்கும் குழாயில் மோதித் திரும்பி உங்களை நோக்கியே வருகிறது! குதித்துத் தப்பலாம் என்றால் மேலே செங்கல் வரிசை, தலை இடித்துக் கீழே வருவீர்கள். காளான் உங்களைத் தொட்டுவிடும். மாரியோ பெரியவனாகிவிடுவான். கெட்டது என்று நினைத்து ஓடிய ஒன்று நல்லது என்று தெரிந்துகொள்ள இருபது விநாடிகூட ஆகவில்லை. குழாயை அங்கே வைத்ததும், செங்கல்லை அந்த உயரத்தில் வைத்ததும் தற்செயல் கிடையாது. மியாமோட்டோவே பிற்பாடு ஒரு நேர்காணலில் இதை விளக்கியிருக்கிறார்.

அசல் பெட்டியில் கையேடு இருந்தது என்பதும் உண்மை. அதை வெகுகாலம் கழித்துப் படித்துப் பார்த்தேன். மாரியோ ஓடும் அந்த நாட்டின் காளான் மக்களை மந்திரத்தால் கல்லாகவும் செங்கல்லாகவும் மாற்றிவிட்டார்கள் என்று அதில் கதை போட்டிருக்கிறது. நாம் குஷியாக முட்டி முட்டி உடைத்தது யாரை என்று புரிகிறதா? கையேடு படிக்காததில் நமக்கு ஒரே நஷ்டம் அந்தக் குற்றவுணர்ச்சிதான்.

அந்தக் காலத்தில் நான் பார்த்த ஒரே விளையாட்டுக் கையேடு ஜெராக்ஸ் பிரதி. கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ ஆடுவோம். ஜோர்டன் மெக்னர் 1989-இல் வெளியிட்டது. முதல் கட்டம் முடிந்ததும் ஒரு அறை வரும், வரிசையாக மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எழுத்து. கையேட்டின் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல், அதன் முதல் எழுத்து உள்ள குப்பியைக் குடி என்று கேட்கும். திருட்டுப் பிரதியைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. சென்டர் அண்ணன் அந்த ஜெராக்ஸை டிராயரில் வைத்துப் பூட்டியிருப்பார். கையேடு எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: சாவி வைத்திருக்கும் அண்ணனிடம் பணிவாக இரு.

ஆனால் அதே அண்ணனிடம்தான் பெரிய பாடம் ஒன்றும் பார்த்தேன். அந்த விளையாட்டில் நடுவே ஒரு கண்ணாடியைப் பாய்ந்து தாண்டும்போது இளவரசனின் நிழல் பிரிந்து போய்விடும். கடைசிக்கு முன்னால் அது வாளோடு எதிரில் வந்து நிற்கும். அதுவரைக்கும் எதிரே வருகிறவனை வெட்டியே பழகிய கை. நிழலை வெட்டினால் நமக்கும் ரத்தம் குறையும். அண்ணன் ஒருநாள் அந்த இடத்துக்கு வந்து, இரண்டு முறை வெட்டிப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு டீயை ஒரு வாய் குடித்தார். அப்புறம் வாளை உறையில் போட்டார். நிழலும் போட்டது. இருவரும் நடந்து வந்து ஒன்றாகிவிட்டார்கள். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. நாங்கள் ஆறேழு பேர் மூச்சுக்கூட விடாமல் நின்றோம், பின்னால். ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றோம், ஆர்., அதுதான் வித்தியாசம்.

(1994-இல் வந்த ‘சூப்பர் மெட்ராய்ட்’ கேம் கிடைத்தால் பாருங்கள். ஆழமான குழியில் விழுந்துவிடுவீர்கள். அங்கே மூன்று பச்சைக் குட்டி விலங்குகள் சுவருக்குச் சுவர் உதைத்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். ஒரு சொல் கிடையாது. பார்த்துப் பார்த்து நீங்களும் ஏறிவிடலாம்.)

இனி உங்கள் ஆபீஸ் நண்பர். கஷ்டம் என்ன சத்துமாவா, காலையில் இரண்டு ஸ்பூன் கரைத்துக் கொடுக்க? 2011-இல் வந்த டார்க் சோல்ஸ் பத்து வயதுக்கு ஏற்றதே அல்ல, அது இருக்கட்டும். அதன் ஆரம்பத்தில், கையில் உடைந்த வாளோடு ஒரு கூடத்துக்குள் நுழைகிறோம். மேலேயிருந்து வீடு பருமனில் ஒரு அரக்கன் குதிக்கிறான். மோதினால் செத்தோம். ஆனால் பக்கச் சுவரில் ஒரு கதவு திறந்து கிடக்கிறது. ஓடிவிடலாம். கொஞ்ச நேரம் கழித்து நல்ல ஆயுதத்தோடு மாடியிலிருந்து அவன் தலைமேலேயே குதிக்கலாம். உங்கள் நண்பர் கண்ணில் அரக்கன் மட்டும்தான் பட்டிருக்கிறான். அந்தக் கதவை வைக்காமல் அரக்கனை மட்டும் வைத்திருந்தால் அதற்குப் பேர் கற்பித்தல் இல்லை, வதை. காசு போட்டு ஆடும் பழைய கேம் கடை மெஷின்கள் பலவற்றில் கஷ்டம் இருந்ததற்கும் மனவுறுதிக்கும் சம்பந்தமில்லை. சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும்.

அதனால் கஷ்டமா சுலபமா என்று என்னிடம் கேட்காதீர்கள். விழுந்தால் என்ன போகும், திரும்ப எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்த செலஸ்ட் 2018-இல் வந்தது. அதில் விழுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்பாள். உயிர் எண்ணிக்கை கிடையாது, தண்டனை கிடையாது. எத்தனை முறை செத்தாய் என்று கணக்கு மட்டும் வைத்திருக்கும், அந்தக் கணக்கை நினைத்துப் பெருமைப்படு என்று அதுவே நடுவில் ஒரு தபால் அட்டையும் காட்டும். அசிஸ்ட் மோடை வைத்ததும் அதைச் செய்தவர்கள்தான். வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாமலும் இருக்கலாம். உருவாக்கியவர்கள் திறந்து வைத்த கதவை மூட நீங்கள் யார்?

அப்புறம், ‘தோற்கப் பொறுமையில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குச் சில வரி முன்னால் என்ன எழுதினீர்கள் என்று திரும்பப் படியுங்கள். நாற்பது முறை விழுந்தான். நாற்பது! நீங்கள் கடைசியாக எந்தக் காரியத்தில் நாற்பது முறை தோற்றுவிட்டு நாற்பத்தொன்றாவது முறைக்கு உட்கார்ந்தீர்கள்? நான் டூவீலர் லைசென்ஸுக்கு எட்டு போடும்போது ஒரு தடவை காலை ஊன்றியதற்கே இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் நாற்பது முறை விழுந்தும் எழுந்தவன். அவனை அசிஸ்ட் மோட் பக்கம் துரத்தியது மலை இல்லை என்று சந்தேகப்படுகிறேன். ஒவ்வொரு முறை விழும்போதும் பின்னாலிருந்து ஒரு ‘ச்சு’ கேட்டிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ‘ச்சு’ என்னுடையதும்தான்.

2001-இல் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன், விண்டோஸ் 98. அப்பா அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நீளமான லெட்ஜர் பக்கத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே கூட்டித் தொகை சொல்வார். அவருக்குக் கற்றுக்கொள்ள ஆசை. நான் பின்னால் நின்றேன். “அம்புக்குறியைப் பாருங்கப்பா, மவுஸைப் பாக்காதீங்க.” “டபுள் கிளிக். ரெண்டு தட்டு. சீக்கிரம், சீக்கிரம்.” மவுஸ் நகர்ந்து நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. அப்பா திரும்பி, “மேசை முடிஞ்சிருச்சே, இப்ப என்ன பண்றது?” என்று கேட்டார். அவ்வளவு நியாயமான கேள்வி. நான் ‘ச்சு’ என்றேன். “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று எழுந்து போனார். அதற்கப்புறம் அந்த நாற்காலி பக்கம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா பையன் வந்திருந்தான், உங்கள் மகன் வயது. நான் கரண்ட் பில் கட்டப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பா தனியாக உட்கார்ந்து சாலிடேர் ஆடிக்கொண்டிருக்கிறார். பையன் அதைத் திறந்துவிட்டு, “சீட்டுதான் தாத்தா, நீங்களே ஆடுங்க” என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டானாம். நான் கொடுத்த மொத்தப் பயிற்சியையும்விட அது உருப்படியான பயிற்சி.

சாலிடேர் 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு வந்தது. வெஸ் செர்ரி என்பவர் மைக்ரோசாஃப்டில் பயிற்சி மாணவராக இருந்தபோது எழுதியது, சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். மவுஸை அழுத்திப் பிடித்து இழுத்து விடுவதை உலகத்துக்குப் பழக்கியதே அதுதான் என்பார்கள். அப்பாவுக்கு அந்த ஆட்டத்தின் விதி தெரியாது. ஆனால் ஆட்டின், இஸ்பேட், கிளாவர், டைமண்ட் அவர் கையில் பிறந்ததிலிருந்து இருக்கிறது. புதுசாகக் கற்க வேண்டியது ஒன்றுதான், கை. சிவப்பு ராணியை இழுத்துக் கறுப்பு ராஜா மேல் போட்டால் உட்காரும். தப்பான இடத்தில் போட்டால் சீட்டு பேசாமல் பழைய இடத்துக்கே போய்விடும். பிழைச் செய்தி கிடையாது, மணி அடிக்காது, ‘ச்சு’ கிடையாது. அன்று வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். எத்தனையோ முறை தப்பாகப் போட்டார். மேசை முடிந்தபோது மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துக்கொண்டார். யார் சொன்னார்கள்?

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் மறுபடி வெளியே போய்விட்டேன். அந்த வருஷத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அதனால் ஆர்., இன்று சாயங்காலம் அசிஸ்ட் மோடைத் திரும்பப் போட்டுக் கொடுங்கள். மன்னிப்பு கேட்கிற மாதிரி பெரிதாக எதுவும் பேச வேண்டாம். பால் வாங்கவோ எதற்கோ கடைக்குப் போங்கள். திரும்பி வந்து எவ்வளவு ஏறினாய் என்று கேட்காதீர்கள்.

அப்பா ஒன்றிரண்டு மாதம் தினமும் ஆடினார். ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவர் அறையிலிருந்து “டேய், இங்க வா, சீக்கிரம் வா” என்று குரல். பயந்துபோய் ஓடினோம். திரை முழுக்க ராஜாக்களும் ராணிகளும் மேலேயிருந்து குதித்து, தரையில் பட்டுத் துள்ளி, வால் வாலாகக் கோடிழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஆட்டம் முடிந்தால் அப்படி ஆகும் என்பது எனக்கும் தெரியாது. நான் ஒருமுறைகூட முடித்ததில்லை. அப்பா மவுஸைத் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் ஒண்ணும் பண்ணலடா,” என்றார். “அதுவா கொட்டுது.”