அல்சைமர்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

முதியோர் மருத்துவம் என் துறை. மருந்தின் அளவை மட்டும் கேட்காதீர்கள். ஆளைப் பார்க்காமல் அதைச் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு 72 வயது. சாவியை வைத்த இடம் அடிக்கடி மறந்துபோகிறது. இதுதான் ஆரம்பமா, டாக்டர்?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தேடி எடுத்துவிட்டு, ‘இங்கேதானே வைத்தேன்’ என்று நினைவுக்கு வந்தால் பெரும்பாலும் வயதுக்குரிய மறதிதான். பத்து நிமிடத்துக்கு முன் கேட்டதையே, கேட்ட நினைவே இல்லாமல் மறுபடி கேட்கிறாரா? பல வருடம் கைப்பழக்கமாகச் செய்த வேலையில் அடுத்து என்ன என்று நிற்கிறாரா? பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா? இவற்றைக் கவனியுங்கள். அல்சைமர் பொதுவாக, புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சீக்கிரமே கைவைக்கிறது. அதனால்தான் பழைய கதை கோவையாக வரும், காலையில் நடந்தது வராது.

ஆனால் நீங்களே பெயர் சூட்டிவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர்ப்பை மாத்திரைகள் எல்லாமே மறதியைத் தரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

டிமென்ஷியாவும் அல்சைமரும் ஒன்றா?

இல்லை. நினைவும் சிந்தனையும் குறைந்துகொண்டே போகும் பல நோய்களுக்கும் பொதுவான பெயர்தான் டிமென்ஷியா. அதில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர்.

அப்பாவுக்கு ஏற்கெனவே அல்சைமர். மூன்று நாளாக ஒரேயடியாக உளறுகிறார், பாதி நேரம் தூங்குகிறார். நோய் முற்றிவிட்டதா?

அல்சைமர் மூன்று நாளில் இப்படிப் பாயாது. திடீர் குழப்பம் என்றால் டெலிரியம், அதாவது உடம்பில் வேறு ஏதோ கோளாறால் மூளை திடீரெனக் குழம்புவது, என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை, தலையில் பட்ட அடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கும். இன்றே அழைத்துப்போங்கள்.

இரவெல்லாம் நடக்கிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்கக் கூடாது. கீழே விழுவார், குழப்பம் கூடும். மனநோய்க்கான மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களில் பக்கவாதத்தையும் மரணத்தையும் அதிகரிக்கின்றன. மருத்துவர் எழுதினாலும் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். வலி இருக்கிறதா, பகலில் தூங்கிவிடுகிறாரா என்று முதலில் பாருங்கள்.

அம்மா இறந்து வருடங்கள் ஆகின்றன. ‘அவ எங்கே?’ என்று அப்பா தினமும் கேட்கிறார். உண்மையைச் சொன்னால், முதல்முறை கேட்பதுபோல அழுகிறார்.

அவருக்கு அது முதல்முறைதான். தினமும் ஒரு சாவுச் செய்தி அவருக்கு வேண்டாம். ‘அம்மா ஞாபகம் வந்துடுச்சா அப்பா?’ என்று கேளுங்கள். படத்தை எடுத்துக் காட்டி, கல்யாணக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

இது ஏமாற்று இல்லையா? என் அப்பா பொய்யே பேசாதவர். அவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

பொய் சொல்லச் சொல்லவில்லை. கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொல்லச் சொல்கிறேன்.

நான் ‘வெளியே போயிருக்காங்க, வந்துடுவாங்க’ என்றேன். ராத்திரிவரை வாசலிலேயே நின்றார்.

கற்பனைக் கதை கட்டுவதை நான் விரும்பாததற்கு இதுவே காரணம். வராத ஆளுக்காகக் காத்திருக்க வைப்பதும் கொடுமைதான்.

அவருக்குத் தெளிவு வரும் நேரத்தில் உண்மை தெரிந்தால்? எங்களை நம்புவாரா?

நியாயமான கேள்வி. ஆரம்ப நிலையில் இருப்பவரிடம் எதையும் மறைக்காதீர்கள், அவர் நோயின் பெயரையும்கூட. முற்றிய நிலையிலும், ‘அவ செத்துட்டாளா?’ என்று நேராகக் கேட்டால் ‘ஆமாம் அப்பா’ என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவர் கேட்காத நாளில் நினைவுபடுத்தித் திருத்துவதுதான் வேண்டாம். சம்பவம் மறந்த பிறகும் அது தந்த துக்கம் தங்கிவிடுகிறது என்பதை ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் அழுவார். இதைப் பற்றி இன்னும் வாதிடலாம், ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

புது மருந்து குணப்படுத்துமாமே?

குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. டொனெபெசில் போன்றவை சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும். 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகானெமாப், மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை நீக்குகிறது. 18 மாதச் சோதனையில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

அலுமினியப் பாத்திரத்தால் வருமா?

அப்படி நிரூபிக்கப்படவில்லை. காது கேட்காவிட்டால் கருவி வாங்குங்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். அவை உண்மையாகவே ஆபத்துக் காரணிகள்.

சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கலாமா?

வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மாமியார் நேற்றிலிருந்து திடீரென்று…

மேலே சொல்லிவிட்டேன். திடீர் என்றால் டெலிரியமாக இருக்கலாம், இன்றே மருத்துவமனை.

பக்கத்து வீட்டில் கொடுத்த தூக்க மாத்திரை, பாதி மட்டும்?

பாதியும் கூடாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அப்படியென்றால் தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள். எழுப்பச் சிரமமாக இருந்தாலோ மூச்சு மெதுவானாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.