இந்தியத் தொழிற்சாலைப் பொருள்கள் வெளிநாட்டுச் சந்தையில் பின்தங்குவது தரக்குறைவினாலா?

கேட்டவர் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்: இவ்வளவு பேர் பெற்ற ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டு ஆத்தங்குடியில் செய்யும் பூவேலைத் தரை ஓடு) ஏன் பெரிய ஏற்றுமதிப் பொருளாக வளரவில்லை? நான் காரைக்குடிக்காரன், தூத்துக்குடியில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். ஆகவே எனக்குப் பழக்கமான இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். காய்ந்ததும் கண்ணாடி கழன்றுவிடும். அதன் வழவழப்பு கல்லில் நிற்கும். எல்லாம் கைவேலை என்பதால் இந்த வாரச் சிவப்பும் அடுத்த வாரச் சிவப்பும் நூலளவு மாறும். வீடு கட்டுகிறவர் அதை அழகு என்பார். வெளிநாட்டு மொத்த வியாபாரியோ மாதிரிக்கு ஒத்துவரவில்லை என்று பணத்தை நிறுத்திவைப்பார்.

அடுத்தது எடை. இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள கல் சதுர மீட்டருக்கு நாற்பது கிலோவைத் தாண்டும். இருபதடிக் கண்டெய்னர் நிரம்புவதற்கு வெகு முன்பே எடை வரம்பு வந்துவிடும். பாதி இடம் காலியாகவே போகும், வாடகை மட்டும் முழுதாகக் கட்ட வேண்டும். மரப்பெட்டிகளையும் பூச்சி இல்லாதபடி வெப்பமூட்டிப் பதப்படுத்தி முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரையில்லாத ஒரு பலகைக்காகச் சரக்கு முழுவதும் அந்நியத் துறைமுகத்தில் நின்றுபோகலாம். இவற்றில் எதற்கும் கல்லின் தரத்தோடு தொடர்பில்லை.

ஒரே அளவாக, வாங்குகிறவரை அறிந்து செய்தால் சந்தை கிடைக்கும் என்பதற்கு நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பதித்திருக்கும் ஜப்பான் ஓடுகளே சாட்சி. முதல் உலகப் போரால் ஐரோப்பியச் சரக்கு வரத்துக் குறைந்த வேளையில், ஆங்கிலேய ஓடுகளைப் பார்த்துச் செய்யப் பழகியிருந்த ஜப்பான் அவற்றை மலிவாகவும் ஒரே அளவாகவும் ஆசியச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கியது. 1920, 30களில் லட்சுமி, சரஸ்வதி உருவங்களைக்கூட வார்த்து இந்தியாவுக்கு விற்றார்கள். வாங்குகிறவன் வீட்டுச் சாமியைத் தெரிந்துகொண்டு சரக்குச் செய்தவர்களைத் தொழில் தெரியாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

இனி நாட்டின் கணக்கு. 2024-25இல் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி சுமார் 43,700 கோடி டாலர். அதில் கால் பங்குக்கு மேல் பொறியியல் பொருள்கள். உலகச் சரக்கு ஏற்றுமதியில் நமது பங்கு இரண்டு விழுக்காட்டை எட்டவில்லை. ஆயினும் கைபேசியை மட்டும் பார்த்தால் அதே ஆண்டில் ஏறத்தாழ 2,400 கோடி டாலருக்குப் போயிருக்கிறது. எடை குறைவு, விலை அதிகம், ஒன்றுபோல் இலட்சக்கணக்கில் செய்யலாம், விமானத்திலேயே அனுப்பிவிடலாம். ஆத்தங்குடிக் கல்லுக்கு இல்லாத வசதிகள் அத்தனையும் அதற்கு உண்டு. சிப்பும் திரையும் பெரும்பாலும் இறக்குமதி என்பதால் அந்தத் தொகை முழுவதும் இங்கே தங்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செய்தித்தாள்கள் இதை ஏனோ கடைசிப் பத்தியில்தான் போடுகின்றன.

தரத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு காரணம் சுங்கத் தீர்வை. பின்தங்கிய நாடுகளுக்கான சலுகையில் வங்காளதேசத்து ஆயத்த ஆடைகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தீர்வையின்றிப் போய்க்கொண்டிருந்த காலமெல்லாம் திருப்பூர்க்காரர் தீர்வை கட்டியே போட்டியிட்டார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்குக் கூடுதல் தீர்வையை 50 விழுக்காடாக உயர்த்தியபோது கைபேசிக்கு விலக்கு இருந்தது, பனியனுக்கு இல்லை. ஒரே இரவில் பனியனின் தையல் கெட்டுப்போய்விடவில்லை.

எனவே தரக்குறைவு என்ற ஒற்றைக் காரணத்தை நான் ஏற்கவில்லை. ஆத்தங்குடிக் கல்லை அனுப்ப எண்ணுகிறவர்கள் மொத்த வியாபாரியை விட்டுவிட்டு, பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் கட்டடக் கலைஞர்களிடமும் சிறு விடுதிகளிடமும் நேரடியாகப் பேசுவது நல்லது. அவர்கள் சதுர அடிக்குக் கூடுதலாகவே கொடுப்பார்கள். ஒரு வேலைக்கு வேண்டிய கற்கள் அனைத்தையும் ஒரே கலவையில் ஊற்றிவிட்டு, உடைவுக்கும் சேர்த்துக் கொஞ்சம் அதிகமாக அனுப்புங்கள். சிறு நிற வேறுபாடு குறையாகக் கொள்ளப்படாது என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி, முன்பணம் வங்கிக்கு வந்தபின் வேலையைத் தொடங்குங்கள்.