கடைசி வரியில் எழுதியதைத்தான் முதலில் கவனிக்கணும்

ஆண்களுக்கான கருத்தடை ஊசி சென்னையில் எங்கே கிடைக்கும் என்று ஒரு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில், ஜிம் நண்பர் சொன்னார் என்று நான்கு மாதமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வதாகவும், விரை சிறுத்த மாதிரி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான்.

அடுத்த ஊசியைப் போடாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி, விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், விரையும் மெத்தென்று ஆகிச் சிறுக்கும். டாக்டர்களான எங்களிடம் 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை மணி கோத்த ஒரு சரம் இருக்கும், ஒரு கையில் விரையையும் மறு கையில் மணியையும் தொட்டு ஒப்பிடுவோம். வளர்ந்த ஆணுக்குப் பொதுவாக 15க்கு மேல் இருக்கணும், இப்படி ஊசி போட்டு வருகிற பையன்களுக்கு 10ஐத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இனிமேல் குழந்தையே பிறக்காதோ என்றுதான் உள்ளுக்குள் பயப்படுகிறீர்கள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். இந்த வாரமே விந்துப் பரிசோதனையும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் (விரைக்கு உத்தரவு தரும் பிட்யூட்டரி ஹார்மோன்கள்), டெஸ்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு, ஜி.எச். அல்லது கீழ்ப்பாக்கம் மருத்துவமனை யூராலஜி ஓ.பி.க்குப் போங்கள். யூடியூப் பார்த்து, ஹார்மோனைத் தூண்டும் க்ளோமிஃபீன் மாத்திரை வாங்கிப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

இத்தனைக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி நம்பத்தக்க கருத்தடையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் கொடுத்து முறையாகச் சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டபோதே சிலருக்கு விந்தணு பூஜ்யம் ஆகவில்லை. அதனால் இப்போதே ஆணுறை போடுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட ஊசி. ஐஐடி கரக்பூரின் சுஜோய் குஹா உருவாக்கிய ரிசக் அது, விந்துக்குழாயில் போடுவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 303 ஆண்களிடம் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையில் கர்ப்பத்தைத் தடுப்பதில் 99 சதவீதம் பலன் தந்தது, 2023இல் வெளியானது. ஆனால் உங்களை ஈர்த்த 'வேண்டும்போது எடுத்துவிடலாம்' என்பது விலங்குகளில்தான் காட்டப்பட்டது, மனிதரில் நிரூபிக்கப்படவில்லை. கடையிலும் கிடையாது. தோளில் தடவும் ஜெல், ஹார்மோன் இல்லாத மாத்திரை எல்லாம் இன்னும் சோதனையில்தான்.

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனில் ஆண்மை போகாது, அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் இன்னொரு குழந்தை வேண்டும் என்கிற எண்ணம் இருந்தால் இப்போது அது வேண்டாம். மனைவிக்கு விருப்பம் இருந்தால் காப்பர்-டி பற்றி இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.

ஓ.பி.க்குப் போகும்போது அந்த ஊசியின் காலி பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள். உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் பார்க்கணும்.