எஞ்சின் ஒரிஜினல்தானா? மசில் கார் வாங்குவோர் கேட்ட கேள்விகள்

அமெரிக்காவின் பழைய மசில் கார்களை (1960, 70-களின் பெரிய எஞ்சின் வேகக் கார்களை)ப் பற்றி இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. காரில் இப்போது இருக்கும் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் ஃபேக்டரியில் அந்தக் காருக்கே மாட்டியவையா? வீட்டு விலைக்கு நிகராகப் பணம் கைமாறும் சந்தை இது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1969 கமேரோ இசட்/28 ஒன்று பார்த்திருக்கிறேன். "வி.ஐ.என். நம்பரிலேயே இசட்/28 என்று இருக்கிறது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

நம்ப வேண்டாம். இசட்/28 என்பது செவ்ரலே கமேரோவின் வேக வகை; வி.ஐ.என். என்பது ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண். அந்த ஆண்டுக் கமேரோவின் வி.ஐ.என். அதைச் சொல்லவே சொல்லாது. 124379 என்று தொடங்கினால் செவ்ரலே, வி8 எஞ்சின், இரண்டு கதவு கூப்பே, 1969 மாடல் என்று பொருள். அடுத்து வரும் எழுத்து 'என்' என்றால் ஒஹையோவின் நார்வுட் ஆலை, 'எல்' என்றால் கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. மூன்றாவது இலக்கம் 4 என்றால் வி8, 3 என்றால் ஆறு சிலிண்டர். எஞ்சினைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். சாதாரண 307 கன அங்குல எஞ்சினோடு வந்த காருக்கும் இசட்/28-க்கும் இந்தத் தொடக்கம் ஒன்றே.

நார்வுட் கார் என்றால் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பில்) இருக்கும் பாடித் தகட்டைப் பாருங்கள். ஏறத்தாழ 1968 டிசம்பரிலிருந்து அதில் எக்ஸ் குறியீடு அடித்தார்கள். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28-க்கு உரியவை. அதற்கு முன் வந்த கார்களிலும் வான் நைஸ் கார்களிலும் இது இருக்காது. இல்லை என்பதற்காக அந்தக் காரைச் சந்தேகிக்கக் கூடாது. இன்னொன்று: 1969 இசட்/28 நான்கு கியர் மேனுவலில் மட்டுமே வந்தது, கன்வெர்ட்டிபிளாக வரவில்லை, ஏசியும் கிடையாது. ஃபேக்டரி ஏசி இருந்ததற்கான தடயம் தென்பட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

1970 செவ்ரலே செவெல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) 454. எஞ்சினில் சி.ஆர்.வி. என்று பஞ்ச் பண்ணியிருக்கிறது. எல்.எஸ்.6 என்கிறார்கள். பிற்பாடு அடித்த நம்பரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்.எஸ்.6 என்பது 454-இன் அதிக சக்திவாய்ந்த வகை. அதிகம் போலி செய்யப்படும் எஞ்சின்களில் இதுவும் ஒன்று. நிதானமாகப் பாருங்கள்.

செவ்ரலே வி8-இல் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல்தளம் சிறு திட்டாக நீண்டிருக்கும். நம்பர் அங்கேதான். அதில் இரண்டு பொறிப்புகள் இருக்க வேண்டும். ஒன்று, எஞ்சின் ஆலையில் அடித்தது: டி0312சி.ஆர்.வி. என்றால் டோனவாண்டா ஆலை, மார்ச் 12, மேனுவல் கியர்பாக்ஸோடு வந்த எல்.எஸ்.6. ஆட்டோமேட்டிக் என்றால் கடைசி மூன்றெழுத்து சி.ஆர்.ஆர். இரண்டாவது, கார் ஆலையில் அடித்த வி.ஐ.என். சுருக்கம்: செவ்ரலேக்கு 1, ஆண்டின் கடைசி இலக்கம், ஆலை எழுத்து, காரின் ஆறு இலக்க வரிசை எண்.

இவை இரண்டும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாளில், வெவ்வேறு கைகள் அடித்தவை. ஆகவே எழுத்தின் அளவிலும் ஆழத்திலும் சாய்விலும் வித்தியாசம் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே அச்சில், ஒரே ஆழத்தில், கோடு போட்டது மாதிரி நேராக நின்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிடும்.

அடுத்து தளத்தின் மேற்பரப்பு. ஃபேக்டரியில் பிளாக் மேல்தளத்தை ப்ரோச் இயந்திரத்தால் இழைத்தார்கள். அது முன்னிருந்து பின்னாக, கிராங்க் ஷாஃப்ட்டுக்கு இணையாக, மெல்லிய கோடுகளை விட்டுச் செல்லும். எண்களுக்கு அடியில் அந்தக் கோடுகள் தெரிய வேண்டும். வளைவு வளைவான தடமோ, கண்ணாடி போன்ற வழவழப்போ இருந்தால் பிளாக்கை யாரோ பிற்பாடு ஃபேசிங் செய்திருக்கிறார்கள், அதாவது மேல்தளத்தை மறுபடி இழைத்திருக்கிறார்கள். அது மட்டுமே மோசடி ஆகிவிடாது. ஐம்பது ஆண்டு ஓடிய எஞ்சினை முறையாக ரீபில்ட் செய்தாலும் ஃபேசிங் அடிப்பார்கள், பழைய நம்பர் போய்விடும். நம்பரே இல்லாத வெற்றுத் தளம் ஓர் இழப்பு, அவ்வளவுதான். ஃபேசிங் அடித்த தளத்தின் மேல் புத்தம் புது நம்பர் இருந்தால்தான் அது பொய். இப்போது ப்ரோச் கோட்டையே போலியாகக் கீறுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்த ஒரு சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள்.

தளத்தைச் சுத்தம் செய்யும்போது எமரித் தாளோ கம்பி பிரஷோ வைக்கவே கூடாது. கிரீஸ் கரைப்பானும் மெத்தென்ற பிரஷும் போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். 1969-லிருந்து செவ்ரலேயில் ஆல்டர்நேட்டர் வலப்பக்கம் வந்துவிட்டதால், அதைத் தளர்த்தி நகர்த்தினால்தான் திட்டு முழுதாகத் தெரியும். அதற்கு விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

உங்கள் செவெலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1966 முதல் 68 வரை எஸ்.எஸ். 396-க்குத் தனி வரிசை, 138 என்று வி.ஐ.என். தொடங்கும். 1970-இல் எஸ்.எஸ். என்பது வெறும் ஆப்ஷன். 13637 என்று தொடங்குவது வெறும் மாலிபு வி8-ஆகவும் இருக்கலாம். 454-க்கான ஆப்ஷன் எண் இசட்15. அந்த எண் உள்ள பில்ட் ஷீட் (அந்தக் காரைக் கட்ட ஃபேக்டரியில் அச்சிட்ட பட்டியல்) கிடைத்தால்தான் மனம் நிம்மதியாகும். சீட் ஸ்பிரிங்குக்கு அடியிலும் பெட்ரோல் டேங்கின் மேலும் தேடிப் பாருங்கள்.

பிளாக்கின் வார்ப்பு எண் 3970010. வார்ப்புத் தேதி சி 12 9. என் கார் 1969. பொருந்திவிட்டதுதானே?

பாதிதான் பொருந்தியிருக்கிறது. 'சி' மூன்றாவது எழுத்து, ஆகவே மார்ச். 12 தேதி. ஆனால் 9 என்பது ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். இந்த 010 பிளாக்கை 1969-இல் தொடங்கி 70-களின் இறுதிவரை வார்த்தார்கள். உங்களிடம் இருப்பது 1979 மார்ச் 12 பிளாக்காகவும் இருக்கலாம். பழைய கடையில் கிடைக்கும் 79-ஆம் வருடத்து வேன் எஞ்சினை 69 கமேரோவில் உட்கார வைத்துவிட்டு, தேதி சரியாக இருக்கிறது என்று விற்பது இப்படித்தான் நடக்கிறது.

இங்கே பார்க்க வேண்டியது வரிசை. முதலில் பிளாக் வார்ப்பு, சில நாட்களோ சில வாரங்களோ கழித்து எஞ்சின் கோர்ப்பு, அதற்குப் பிறகு கார் கட்டிய வாரம். பாடித் தகட்டில் 03சி என்று இருந்தால் மார்ச் மூன்றாவது வாரம். வார்ப்பு மார்ச் 12, கோர்ப்பு மார்ச் 5 என்று வந்தால் எவ்வளவு அழகான பொறிப்பாக இருந்தாலும் அது நடக்க முடியாத கதை. ஹெட், இன்டேக் மேனிஃபோல்ட் இவற்றின் வார்ப்புத் தேதிகளும் இதே வரிசையில் அமைய வேண்டும்.

இசட்/28-இன் 302 என்று சொன்னால் பொறிப்பு டி.இசட் என்று முடிய வேண்டும். ஆயில் பேனைக் கழற்ற வாய்ப்புக் கிடைத்தால் கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் நடு மெயின் கேப்புகளுக்கு நான்கு போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 1969 கமேரோ சிலவற்றில் வி.ஐ.என். சுருக்கம் முன்பக்கத் திட்டில் இருக்காது, ஆயில் ஃபில்டருக்கு மேலே கரடுமுரடான வார்ப்புப் பரப்பில் இருக்கும். அங்கே தேடாமலே "நம்பர் இல்லை" என்று நல்ல காரை ஒதுக்கிவிடாதீர்கள்.

மன்சி கியர்பாக்ஸில் பி 9 கே 12 சி என்று இருக்கிறது. 'கே' என்றால் நவம்பர் என்று கணக்குப் போட்டேன். காருக்குப் பொருந்தவில்லையே?

எஞ்சின் வார்ப்புக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. மன்சி ஆலையின் மாத எழுத்துகள் வேறு. ஜனவரி முதல் மே வரை ஏ, பி, சி, டி, இ. ஜூன் எச், ஜூலை கே, ஆகஸ்ட் எம், செப்டம்பர் பி (இங்கிலீஷில் பதினாறாவது எழுத்து), அக்டோபர் ஆர், நவம்பர் எஸ், டிசம்பர் டி (இருபதாவது எழுத்து). உங்களுடையது ஜூலை 12. கடைசி 'சி' கியர்பாக்ஸின் வகையைக் காட்டுகிறது, அதாவது எம்22. ஏ என்றால் எம்20, பி (இங்கிலீஷில் இரண்டாவது எழுத்து) என்றால் எம்21.

எம்22 ஒரு கிராக்கியான பெட்டி, ஆகவே எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அதன் பற்கள் மற்ற இரண்டைவிடக் குறைவாகச் சாய்ந்திருக்கும். ஓட்டும்போது கேட்கும் இரைச்சல் அதனால்தான். பக்க மூடியைக் கழற்றினால் கண்ணாலேயே தெரிந்துவிடும். கேஸில் இருக்கும் வி.ஐ.என். சுருக்கத்தையும் மறக்காமல் ஒப்பிடுங்கள்.

பின் ஆக்ஸிலில் வி.ஐ.என். எங்கே இருக்கும்?

செவ்ரலேயில் எங்கும் இருக்காது. ஆக்ஸிலையும் சேர்த்து "எல்லாமே வி.ஐ.என். மேட்சிங்" என்று விளம்பரம் செய்தால், தெரியாமல் சொல்கிறார்கள் அல்லது தெரிந்தே சொல்கிறார்கள். வலப்பக்கக் குழாயில் குறியீடும் தேதியும் இருக்கும். குறியீடு காருக்குப் பொருந்தி, தேதி கார் கட்டியதற்குச் சற்று முன்னதாக இருந்தால் அதற்கு மேல் உறுதி கேட்க வழியில்லை.

உள்ளே கிரவுன் பினியன் (ஆக்ஸிலின் கியர் விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடி) மாறியிருக்கலாம். பின் மூடியைத் திறந்தால் கிரவுன் வீல் ஓரத்தில் பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். 41-ம் 11-ம் என்றால் 3.73, 37-ம் 9-ம் என்றால் 4.11. திறக்க முடியாவிட்டால் இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி, நியூட்ரலில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே திசையில் சுற்றினால், இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பகிரும் பாசிட்ராக்‌ஷன் இருக்கிறது. அப்படிச் சுற்றும்போது, சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினால் அதுதான் விகிதம்.

1970 பிளிமத் ரோட் ரன்னர், 440 சிக்ஸ் பேரல் என்கிறார்கள். இதற்கும் இவ்வளவு தலைவலியா?

இல்லை. பிளிமத் உள்ளிட்ட கிரைஸ்லர் கார்களில் வி.ஐ.என்.னின் ஐந்தாவது இடமே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970-இல் அது 'வி' என்றால் மூன்று கார்புரேட்டர் 440, 'ஆர்' என்றால் 426 ஹெமி, 'என்' என்றால் 383. 1968, 69-இல் ஹெமிக்கு எழுத்து 'ஜே'. எஞ்சின் அறையில் உள்ள ஆப்ஷன் தகடான ஃபெண்டர் டேக்கில், மூன்று கார்புரேட்டர் 440-க்கான இ87-ம் இருக்க வேண்டும். ஆனால் டேக்குகளைப் புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள். டேக், பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் உள்ள வி.ஐ.என். சுருக்கம், கிடைத்தால் பிராட்காஸ்ட் ஷீட் (கிரைஸ்லரின் பில்ட் ஷீட்), எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் திட்டில் சி.இ. என்று தொடங்கும் எண் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. வாரன்ட்டி காலத்தில் எஞ்சின் பழுதானபோது செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜி.எம். கொடுத்த மாற்று பிளாக் அது. சி.இ.-க்கு அடுத்த இலக்கம் ஆண்டைக் காட்டும். டீலர் பில்லும் கூடவே இருந்தால் பத்திரமாக வையுங்கள், அந்தக் காரின் வாழ்க்கையில் அதுவும் ஒரு பக்கம். விலை ஒரிஜினல் எஞ்சினுக்கு நிகராக வராது என்பது உண்மைதான். ஆனால் அதை இழைத்துவிட்டுப் "பழைய நம்பரை" அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை இழைத்துவிட்டால் அந்த பிளாக்கின் உண்மையான அடையாளம் திரும்பவே திரும்பாது. எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் இது.

டொராண்டோவில் இருக்கிறேன். கம்பெனி ஆவணம் ஏதாவது கிடைக்குமா?

கார் முதலில் எந்த நாட்டில் விற்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. கனடாவில் புதிதாக விற்ற ஜி.எம். கார் என்றால் வி.ஐ.என். கொடுத்து ஜி.எம். கனடாவிடம் கேட்கலாம். அமெரிக்காவில் விற்ற செவ்ரலேக்கு அந்த வசதி இல்லை. பில்ட் ஷீட், வாரன்ட்டி புத்தகத்தோடு வந்த புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற உலோகத் தகடு, இவற்றைத்தான் தேட வேண்டும். ஜி.எம்.-இன் இன்னொரு பிராண்டான பான்டியாக்குக்கு பி.எச்.எஸ். (பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) நிறுவனம் ஃபேக்டரி பில்லிங் நகலைத் தருகிறது. 1967-லிருந்து வந்த ஃபோர்டு கார்களுக்கு, ஃபேக்டரிப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. எதுவானாலும் விற்பவர் நீட்டும் நகலை வாங்கி வைத்துக்கொள்ளாமல், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பெயரில் நேரடியாக விண்ணப்பித்து வாங்குங்கள்.