400 புள்ளி குறைந்தவர் டிரா செய்தால் அது அதிர்ஷ்டம்தானா?

சதுரங்கத்தில் தம்மைவிட 400 ரேட்டிங் (ஆட்டத்திறன் மதிப்பீடு) புள்ளி அதிகம் உள்ளவருடன் ஒருவர் டிரா (சமன்) செய்தால் அதை அதிர்ஷ்டம் என்றுதானே சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ரேட்டிங்கைக் கணக்கிடும் எலோ முறையின்படி 400 புள்ளி வித்தியாசம் என்றால், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற ஆட்டப் புள்ளிகளில், வலியவருக்குப் பத்து ஆட்டங்களில் சுமார் ஒன்பது கிடைக்கும். மீதமுள்ள ஒரு புள்ளி எளியவருக்கு இரண்டு டிராக்களாகவும் வந்து சேரலாம்.

2004 மார்ச்சில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த ரேபிட் (குறைந்த நேர) போட்டியில், பின்னாளில் உலக சாம்பியனான மாக்னஸ் கார்ல்சன் 13 வயதில் வெள்ளைக் காய்களுடன், அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த காஸ்பரோவை எதிர்கொண்டார். காஸ்பரோவ் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்க, சிறுவனோ எழுந்து போய்ப் பக்கத்துப் பலகைகளை வேடிக்கை பார்க்கும் காணொளி இன்றும் காணக் கிடைக்கிறது. ஆட்டம் டிராவில் முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். ஆயினும், முதல் ஆட்டத்தில் நெருக்கடியில் இருந்தவர் காஸ்பரோவ்தான் என்பதால், அந்த டிராவை யாரும் தானமாகக் கிடைத்ததாகச் சொல்வதில்லை.

என் அனுபவம் மிகச் சிறியது. ஓர் ஓபன் போட்டியில், என்னைவிட ஏறத்தாழ 400 புள்ளி கூடுதலாக இருந்த ஒருவருடன் கறுப்பில் ஆடினேன். இறுதிக் கட்டத்தில் அவரிடம் கறுப்புக் கட்டங்களில் மட்டுமே நகரும் மந்திரியும், ஏ, ஜி வரிசைகளில் ஒவ்வொரு சிப்பாயும் இருந்தன. என்னிடம் ஒரு குதிரை மட்டுமே. ஏ-சிப்பாய் வரிசையின் கடைசிக்குப் போய் ராணியாக வேண்டிய மூலையான ஏ8 வெள்ளைக் கட்டம்; அந்த மந்திரியால் அதை ஒருபோதும் தாக்க முடியாது. எனவே குதிரையைப் பலி கொடுத்து ஜி-சிப்பாயை வெட்டிவிட்டு, ராஜாவை ஏ8 மூலைக்குக் கொண்டு சேர்த்தேன். அங்கிருந்து அதைக் கிளப்ப உலக சாம்பியனாலும் முடியாது. அவர் ராஜாவை பி6-க்கும் சிப்பாயை ஏ6-க்கும் கொண்டுவந்து, மந்திரியால் தூரத்திலிருந்து பி8-ஐத் தாக்கியபோது, என் ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை: ஸ்டேல்மேட், அதாவது டிரா.

இது பாடப்புத்தகத்தில் உள்ள நிலைதான். பயிற்சியாளர் என்னை அதைப் பலமுறை ஆடிப் பார்க்க வைத்திருந்தார். எதிராளி கைகுலுக்கிய பிறகும் எழுந்து போகவில்லை. காய்களைப் பின்னோக்கி அடுக்கி, ஜி-சிப்பாயை முன்னே தள்ளாமல் முதலில் மந்திரியால் காத்திருக்க வேண்டிய இடத்தை எனக்குக் காட்டினார்.