எல்லோரும் ஒரே தொடர்களைப் பார்த்தால் எல்லோருடைய பண்பாடும் ஒன்றாகிவிடுமா? சமூகவியல் என்ன சொல்கிறது?

ஹாலிவுட், கொரியத் தொடர்கள், ஓடிடி என்று உலகமே ஒன்றைப் பார்க்கும்போது உள்ளூர்ப் பண்பாடு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலையில் சமூகவியல் படித்த நாட்களிலிருந்து என்னை விடாத கேள்வி இது. பார்க்கிறவர்கள் நாம் நினைக்கிற அளவுக்கு ஏமாளிகள் இல்லை என்பது என் பதில். ஆனால் அதை வைத்து நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

அச்சம் பழையதுதான். அமெரிக்க நிகழ்ச்சிகளோடு அந்நாட்டின் நுகர்வு வாழ்க்கையும் ஏற்றுமதியாகிறது என்று 1969-இல் அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஹெர்பர்ட் ஷில்லர் எழுதினார். இதைப் 'பண்பாட்டு ஏகாதிபத்தியம்' என்பார்கள். இதன் பின்னாலுள்ள வியாபாரக் கணக்கு எளிமையானது. அமெரிக்கத் தொடர் போட்ட முதலில் பெரும்பகுதியை உள்நாட்டிலேயே எடுத்துவிடும். வெளிநாட்டுக்கு என்ன விலைக்குக் கொடுத்தாலும் லாபம். ஒரு சிறிய நாட்டின் தொலைக்காட்சிக்கோ, சொந்தமாக நாடகம் எடுப்பதைவிட அதை வாங்கிப் போடுவது பல மடங்கு மலிவு. இந்தக் கணக்கை நான் முழுதாக ஏற்கிறேன்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ஒளிபரப்பானதெல்லாம் பார்ப்பவர் மனதில் அப்படியே இறங்கிவிடுமா? எடுத்தவர் வைத்த பொருளை ஒருவர் ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி தள்ளலாம், எதிர்த்தும் படிக்கலாம் என்றார் பிரிட்டனின் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால், 1973-இல். இந்தக் கேள்வியோடு வீடு வீடாகப் போனவர்கள் ஊடக ஆய்வாளர்களான டாமர் லீபஸும் எலிஹு காட்ஸும்.

அவர்கள் எடுத்துக்கொண்டது 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொடரை. டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம் ஒன்றின் சண்டைகள்தான் கதை. 1980-களில் பல நாடுகளில் ஓடியது. பிரான்சின் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் அமெரிக்க ஏகாதிபத்தியத்துக்கு அடையாளமாகவே அதைச் சுட்டினார். இஸ்ரேலில் இருந்த அரபுக் குடிமக்கள், மொராக்கோவிலிருந்து வந்த யூதர்கள், ரஷ்யாவிலிருந்து புதிதாகக் குடியேறியவர்கள், கிப்புட்ஸ் கூட்டுப் பண்ணைகளில் வாழ்ந்தவர்கள் எல்லோரையும் ஆய்வாளர்கள் தேடிப் போனார்கள். ஒருவர் வீட்டில் மூன்று தம்பதிகள் கூடித் தொடரைப் பார்ப்பார்கள். முடிந்ததும், இதைப் பார்க்காத ஒருவருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று ஆய்வாளர்கள் கேட்பார்கள்.

அரபுகளும் மொராக்கோ யூதர்களும் நடந்ததை நடந்த வரிசையில், ஒரு குடும்பக் கதையாகச் சொன்னார்கள். கிப்புட்ஸ்காரர்கள் பாத்திரங்களின் மனப்போக்கை அலசினார்கள். ரஷ்யர்கள் கதையை விட்டுவிட்டு, இதை எடுத்தவர்கள் நம்மிடம் எந்தக் கருத்தைத் தள்ளப் பார்க்கிறார்கள் என்று துருவினார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. தொடரில் ஸ்யூ எலன் என்ற பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவன் வீட்டைவிட்டு வெளியேறி, பழைய காதலனும் அவன் தந்தையும் இருக்கும் வீட்டுக்குப் போகிறாள். ஓர் அரபுக் குழுவினரோ, அவள் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டதாகவே பேசி, ஒருவருக்கொருவர் அதை உறுதியும் செய்துகொண்டார்கள். புருஷனோடு சண்டை போட்டவள் பிறந்த வீட்டைத் தவிர வேறெங்கே போவாள்? கண்ணால் பார்த்த காட்சியையே அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை திருத்திவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். தமிழில் டப் செய்த ஒரு கொரியத் தொடரை அவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்த காலம். மகனை விட்டு விலகிப்போ என்று பணக்காரத் தாய் ஒருத்தி, அவன் விரும்பும் ஏழைப் பெண்ணிடம் பணக் கவரை நீட்டுவாள். "வேற சாதிப் பொண்ணு போல" என்றார் அம்மா. அங்கே சாதி இல்லை, இது பணம் சம்பந்தப்பட்டது என்று விளக்கினேன். "பணம் மட்டும்னா இவ்வளவு வெறுப்பு வருமா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சரி, அப்படியானால் ஷில்லர் தோற்றுவிட்டாரா? இல்லை என்றே நினைக்கிறேன். பார்த்ததற்கு நம் விருப்பப்படி பொருள் கொள்ளும் சுதந்திரம் வேறு. எதை எடுப்பது, எதைக் காட்டுவது, லாபம் யாருக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் வேறு. கொரியத் திரைத்துறை ரசிகர்களின் அன்பால் மட்டும் நிமிரவில்லை. ஆண்டுக்கு 146 நாள் உள்நாட்டுப் படம் ஓட்ட வேண்டும் என்று அங்கே திரையரங்குகளுக்கு விதி இருந்தது. அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தப் பேச்சு தொடங்கும் நேரத்தில், 2006-இல், அது 73 நாளாகக் குறைக்கப்பட்டது. நடிகர்கள் தெருவில் இறங்கிப் போராடியும் பலனில்லை. அப்புறம் 2021-இல் 'ஸ்குவிட் கேம்' தொடர் வந்தது. கதை, நடிகர்கள், கடனில் மூழ்கிய மனிதர்களின் துயரம் எல்லாமே கொரியா. உரிமை மட்டும் நெட்ஃபிளிக்ஸிடம். செலவு சுமார் 2.14 கோடி டாலர். அதன் மதிப்பை ஏறக்குறைய 90 கோடி டாலர் என்று அந்நிறுவனமே உள்ளுக்குள் கணித்திருந்தது அப்போது செய்தியாக வந்தது. உலகமெங்கும் அதை யார் எப்படிப் புரிந்துகொண்டாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

அம்மா பார்த்த தொடர் ஒருநாள் பாதியில் நின்றது. சேனலில் காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு நிகழ்ச்சி ஓடியது. அம்மா ஒரு வாரம் அதே நேரத்துக்கு டிவியைப் போட்டுப் பார்த்தார். கடைசியில் நான் இணையத்தில் தேடி, அவர்களுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது என்று சொன்னேன்.

"அவனோட அம்மா வந்தாளா?" என்று மட்டும் கேட்டார்.