மைக்கோடு மயிரிழையாகும்போது அரத்தை எடுத்துவிடுங்கள்

கிட்டார் பட்டறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அரத்தைப் பற்றியவை. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கிட்டார் வேலைக்கு வருவதற்கு முன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் நான். முதல் சில வாரங்கள் வைஸில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து அராவிக்கொண்டே இருந்தோம். வேறு வேலை கிடையாது. அந்தக் கை இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கே: பழைய அக்குஸ்டிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். ஆறாவது தந்தியை ஐந்தாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தினால் கரகரவென்று இரைகிறது. அந்த ஃபிரெட்டை நானே அராவிச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். எந்த அரம் வாங்க வேண்டும்?
(கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, அரம் வாங்கக் கடைக்குப் போகாமல் இந்தப் பதிலை முழுதும் படியுங்கள். ஐந்தில் அழுத்தும்போது தந்தி உரசுவது ஐந்தில் அல்ல, ஆறிலோ அதற்கும் அப்பாலோதான். நீங்கள் ஐந்தை அராவினால் அது இன்னும் தாழ்ந்து, இரைச்சல் கூடிவிடும். போன உலோகம் திரும்பி வராது.

முதலில் கழுத்தைப் பாருங்கள். ஆறாவது தந்தியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலோடு சேருமிடத்தில் மறு கையாலும் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது ஃபிரெட்டின் தலைக்கும் தந்திக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். விசிட்டிங் கார்டு ஒன்று உரசிக்கொண்டு நுழையும் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமே இல்லையென்றால் கழுத்து அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது. டிரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) உள்ள கிட்டாராக இருந்தால் அதைக் கால் திருப்பு தளர்த்தி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். என் பட்டறைக்கு இரைச்சல் என்று வரும் கிட்டார்களில் பல இந்தக் கால் திருப்பிலேயே குணமாகித் திரும்பியிருக்கின்றன.

அதற்கும் சரியாகவில்லையென்றால், நேரான விளிம்புள்ள 6 சென்டிமீட்டர் எஃகுத் துண்டு ஒன்றை ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று ஃபிரெட்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஏற்றப்பலகை போல ஆடினால் நடுவில் உள்ள ஆறுதான் மேடு. அப்போதும் அரம் வேண்டாம். மரத்துண்டால் அந்த ஃபிரெட்டை அழுத்திப் பாருங்கள். ஆட்டம் நின்றால், அது காடியிலிருந்து எழும்பி நிற்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உட்கார்ந்துவிடும். மறுபடி எழும்பினால் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு அழுத்திப் பிடியுங்கள். இத்தனைக்கும் மசியாத மேட்டுக்குத்தான் அரம்.

கே: 320 எண் உப்புத்தாள் ஒட்டிய நேர்க்கட்டையால் எல்லா ஃபிரெட்டுகளையும் சமமாக்கிவிட்டேன். இரைச்சல் போய்விட்டது. தலைகள் மட்டும் தட்டையாக இருக்கின்றன. அப்படியே பாலிஷ் போட்டு விட்டுவிடலாமா? வட்டமாக்கித்தான் தீர வேண்டுமா?
(லேத் பட்டறைத் தொழிலாளி, கோயம்புத்தூர்)

தீர வேண்டும் ஐயா. தந்தியின் அதிரும் நீளம் தொடங்குவது ஃபிரெட்டின் உச்சியில். தலை தட்டையாக இருந்தால் அது உச்சியில் தொடங்காமல், உடல்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பார்த்திருக்கும் விளிம்பில் தொடங்கும். நீளம் அந்த அளவுக்குக் குறைகிறது, சுருதி அந்த அளவுக்கு ஏறுகிறது. அகலமான ஃபிரெட்டில் இது காதுக்கே தெரியும். போதாததற்கு, தட்டையான தலைமேல் தந்தி படபடவென்று உரசி, தம்பூராவின் தந்திக்கடியில் செருகும் ஜீவா நூலைப் போல ஒரு ரீங்காரம் கிளப்பும். தம்பூராவுக்கு அது அழகு, கிட்டாருக்கு அது நோய்.

நீங்கள் உலோகத்தில் வேலை செய்பவர் என்பதால் உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். சர்ஃபேஸ் பிளேட்டில் (சமம் பார்க்கும் தட்டு) நீலம் தடவி, மேடு எங்கே என்று பார்ப்போமே, அதே வித்தைதான். ஃபிரெட்போர்டின் மரம் தெரியாதபடி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டின் தலையிலும் பர்மனென்ட் மார்க்கரால் கறுப்பு மை தீட்டுங்கள். இப்போது தட்டையான தலை முழுவதும் ஒரு கறுப்புப் பட்டை. உங்கள் வேலை அந்தப் பட்டையை இரு பக்கத்திலிருந்தும் ஒடுக்கிக்கொண்டே வருவது.

அதற்கு, தச்சர்கள் ரம்பத்தைக் கூராக்க வைத்திருக்கும் 6 அங்குல முக்கோண அரம் போதும். ஆனால் வாங்கியபடியே பயன்படுத்தக்கூடாது. அதன் மூன்று மூலைகளிலும் பல் இருக்கிறது. ஃபிரெட்டின் தோளில் முகம் படும்போது மூலை மரத்தை உழுதுவிடும். நான் தொடங்கிய காலத்தில் இது தெரியாமல் என் சொந்த கிட்டாரின் ரோஸ்வுட்டில் ஏழாவது ஃபிரெட்டை ஒட்டி ஒரு கீறல் போட்டேன். அதன்மேல் விரல் போகும்போதெல்லாம் இன்றும் தட்டுப்படுகிறது. மூன்று மூலைகளையும் கிரைண்டரில் கொடுத்துப் பல்லை எடுத்துவிடுங்கள். இரண்டு விநாடிக்கொரு முறை தண்ணீரில் முக்குங்கள், நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். பிறகு எண்ணெய்க் கல்லில் வழுவழுப்பாகத் தேயுங்கள். விரல் நுனியால் தடவினால் கண்ணாடி விளிம்பைத் தடவுவதுபோல இருக்க வேண்டும்.

அரத்தை ஃபிரெட்டின் நீளத்துக்கே வைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து, வழுவழுப்பான மூலை டேப்பின் மேல் சறுக்கும்படி முன்னோக்கித் தள்ளுங்கள். தள்ளும்போதுதான் வெட்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். ஃபிரெட்போர்டின் வளைவோடு கையும் வளைந்து போக வேண்டும். நான் நட் (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு) பக்கம் ஆறு தள்ளு, பிரிட்ஜ் பக்கம் ஆறு தள்ளு என்று எண்ணிக்கொண்டே செய்வேன். எண்ணாவிட்டால் உச்சி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அடுத்த சுற்றில் அரத்தைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள், அதற்கடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். கறுப்புப் பட்டை ஒடுங்கி நூலாகும், நூல் மயிரிழையாகும். அங்கே நிறுத்துங்கள். அந்த மயிரிழையை அரம் தொடவே கூடாது. அது அழிந்த இடத்தில் ஃபிரெட் தாழ்ந்துவிட்டது, நீங்கள் பாடுபட்டு எடுத்த சமம் அங்கே போய்விட்டது.

அதன்பின் 400, 600, 1000 என்று தாள்களை விரலில் சுற்றித் தேய்த்தால் அரத்தின் கோடுகளும் மையும் சேர்ந்தே போகும். கடைசியில் 0000 எண் ஸ்டீல் வூல். எலெக்ட்ரிக் கிட்டாராக இருந்தால் அதற்கு முன், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தமுள்ள பிக்கப்புகளை டேப்பால் மூடிவிடுங்கள். காந்தம் அந்த இரும்புத்தூளை இழுத்துக்கொண்டால் எளிதில் விடாது.

கே: ஃபிரெட்டுக்கென்றே குழிவான அரம் விற்கிறார்கள். விலை அதிகம். அது அவசியமா? எந்த அளவு வாங்குவது?
(இசைப்பள்ளி நடத்துபவர், நாகர்கோவில்)

வருடத்துக்கு இரண்டு கிட்டார் பார்ப்பவருக்கு அவசியமில்லை. உங்களிடம் மாணவர்களின் கிட்டார்கள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் வாங்கலாம். ஆனால் அளவு பார்க்காமல் வாங்காதீர்கள். ஃபிரெட் கம்பியின் அகலம் சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து 2.8 மில்லிமீட்டர் வரை போகிறது. முதலில் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். அரத்தின் குழி ஃபிரெட்டைவிட அகலமாக இருந்தால், தோளைத் தொடாமல் உச்சியைத்தான் முதலில் தேய்க்கும், மைக்கோடு போய்விடும். குறுகலாக இருந்தால் இரண்டு தோளிலும் பள்ளம் விழும்.

வைரத்தூள் பதித்தவை 150, 300 என்ற எண்களில் வருகின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 300. மெதுவாக வெட்டும், ஆனால் தவறு செய்யும் வேகமும் அதற்குக் கிடையாது.

இன்னொன்று. அராவுவதற்கு முன் ஃபிரெட்டின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். புதியது பெரும்பாலும் 1.1 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். 0.7-க்குக் கீழே போன ஃபிரெட்டை நான் அராவ மாட்டேன், புதிது மாற்றச் சொல்லிவிடுவேன்.

கே: நான் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிறேன். கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, முதல் இரண்டு தந்திகளின் கீழ் பள்ளம் விழுந்துவிட்டது. இரண்டு முறை அராவியாகிவிட்டது. நிரந்தர வழி உண்டா?
(இசைக் கலைஞர், மயிலாப்பூர்)

அம்மா, உங்கள் கிட்டாரில் இருப்பது நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, துத்தநாகம், நிக்கல். முதல் இரண்டு தந்திகளின் எஃகு இதைவிடக் கடினம். நீங்கள் நாளெல்லாம் இழுக்கும் இழுப்புக்கு ஃபிரெட்தான் தேயும். மூன்றாவது முறை அராவ இனி உயரம் மிச்சமிருக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிரெட்டுக்கு மாறிவிடுங்கள். தேய்மானம் வெகுவாகக் குறையும், கமகத்துக்கு வழுக்கலும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே, செம்பும் வெள்ளீயமும் கலந்த பொன்னிறக் கம்பி ஈவோ என்ற பெயரில் கிடைக்கிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

பழுதுபார்ப்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: வைர அரம் வைத்திருக்கிறீர்களா என்று. சாதாரண அரத்தின் பற்கள் ஸ்டெயின்லெஸ்ஸில் சீக்கிரமே மழுங்கிவிடும். மழுங்கிய அரத்தை அழுத்தித் தேய்ப்பவர் கையில் உங்கள் கிட்டார் போகக்கூடாது. கூலி கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். அந்த வேலைக்கு உண்மையிலேயே நேரம் பிடிக்கிறது.

கே: ஏ.சி. அறையில் வைத்திருந்த கிட்டாரின் ஃபிரெட் முனைகள் கையைக் கிழிக்கின்றன.
(மென்பொருள் ஊழியர், சென்னை)

வறண்ட காற்றில் ஃபிரெட்போர்டு மரம் சுருங்கிவிட்டது. உலோகம் சுருங்கவில்லை, அதனால் முனை வெளியே நீட்டுகிறது. கழுத்தின் பக்கவாட்டில் டேப் ஒட்டி, மெல்லிய பல் உள்ள தட்டை அரத்தைக் கழுத்தோடு நீளவாக்கில் வைத்து, நீட்டிய அளவை மட்டும் எடுங்கள். முன்பே இருக்கும் சரிவை மேலும் சாய்க்க வேண்டாம். சரிவு அதிகமானால் முதல் தந்தி விளிம்பிலிருந்து நழுவி விழும், அதற்கு மருந்து கிடையாது. இரண்டு கூர் மூலைகளையும் ஊசி அரத்தால் இரண்டு மூன்று தொடுதல், அவ்வளவுதான்.

கே: கிட்டார் அரத்தால் எங்கள் வீட்டு வீணையின் மெட்டுகளையும் சரிசெய்யலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

கூடாது அம்மா. கிட்டாரின் ஃபிரெட் மரக்காடியில் அறையப்பட்டது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. அங்கே சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி, சுருதிக்கு நிறுத்த வேண்டும். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். அது காதால் செய்யும் வேலை. என் அரம் அங்கே நுழையக்கூடாது. உங்கள் ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக வீணை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கே: அரம் இரண்டே மாதத்தில் வெட்டாமல் போய்விட்டது. தரம் சரியில்லையா?
(வாசகர், தூத்துக்குடி)

அரம் மழுங்கவில்லை, அடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நிக்கல் சில்வர் மென்மையானது, பற்களுக்கு இடையே அப்பிக்கொள்ளும். வேலைக்கு முன் சாக்பீஸை அரத்தின் முகம் முழுவதும் தேய்த்துவிடுங்கள், தூள் ஒட்டாது. ஒட்டியதைப் பித்தளைத் தூரிகையால் பல்லின் சாய்வோடு தேய்த்து எடுங்கள். கடற்காற்று ஊர் உங்களுடையது. துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் தனித்தனியாக வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் அரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். கைப்பிடி இல்லாத அரத்தை மட்டும் எடுக்காதீர்கள். அதன் வால் உள்ளங்கையில் ஏறிப் பட்டறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவனை என் ஐ.டி.ஐ. நாட்களில் பார்த்திருக்கிறேன்.